எழும்பூர் கர்க்: ஒரு பிரஸ்பிட்டேரியன் சபையின் வரலாறு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எந்தச் சபையைப் பற்றி இது?

சென்னை எழும்பூரில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், உயரமான ஊசிக் கோபுரத்தோடு வெள்ளையாக நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்ச் பற்றி. விவரம் தெரிந்தவர்கள் "கர்க்" என்றுதான் சொல்வார்கள். ஸ்காட்லாந்தில் கோயிலை அப்படித்தான் அழைப்பார்கள், அந்தப் பெயரே இங்கும் ஒட்டிக்கொண்டது. 1821 பிப்ரவரி 25, ஞாயிற்றுக்கிழமை இங்கே முதல் ஆராதனை நடந்தது. 1959 வரை இது ஸ்காட்லாந்து திருச்சபையின் கீழ் இருந்த பிரஸ்பிட்டேரியன் சபை. இப்போது தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ.

கட்டடத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சபையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அதனால் இங்கே கட்டடத்துக்குக் கொஞ்சம், சபைக்கு அதிகம் என்று இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

பிரஸ்பிட்டேரியன் என்றால் என்ன? மற்ற சீர்திருத்தச் சபைகளிலிருந்து எதில் வித்தியாசம்?

முக்கியமான வித்தியாசம் நிர்வாகத்தில். இங்கிலாந்துத் திருச்சபையில் பிஷப் உண்டு, அவருக்குக் கீழே குருமார்கள். பிரஸ்பிட்டேரியன் முறையில் பிஷப் கிடையாது. சபையார் தேர்ந்தெடுக்கும் மூப்பர்களும் போதகரும் சேர்ந்த குழுதான் சபையை நடத்தும். அதற்குப் பெயர் செஷன். பல சபைகள் சேர்ந்தது பிரஸ்பிட்டரி, அதற்கு மேலே சினாடு, எல்லாவற்றுக்கும் மேலே ஜெனரல் அசெம்பிளி. ஒவ்வொரு மட்டத்திலும் போதகர்களும் மூப்பர்களும் சமமாக உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். தனி ஒருவர் கையில் அதிகாரம் போகக்கூடாது என்பதுதான் அடிப்படை.

16ஆம் நூற்றாண்டில் ஜான் நாக்ஸ் முதலானவர்கள் ஜெனீவாவில் கால்வினிடம் கற்றதை ஸ்காட்லாந்துக்குக் கொண்டு போனார்கள். அங்கே அதுவே நாட்டின் அதிகாரபூர்வத் திருச்சபை ஆனது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1707ல் ஒரே அரசாக இணைந்த பிறகும் இரண்டு நாட்டுக்கும் திருச்சபை வேறு வேறாகவே இருந்தது. மெட்ராஸ் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மெட்ராஸில் ஏற்கனவே ஆங்கிலேயர் கோயில்கள் இருந்தனவே. ஸ்காட்லாந்துக்காரர்கள் தனியாக ஏன் கேட்டார்கள்?

கோட்டைக்குள் செயின்ட் மேரீஸ் 1680லிருந்தே இருந்தது. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியில் படைவீரர், டாக்டர், வியாபாரி, அதிகாரி என்று எங்கே பார்த்தாலும் ஸ்காட்லாந்துக்காரர்கள் இருந்தார்கள். கர்க் திறந்தபோது மெட்ராஸ் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோவே கிளாஸ்கோவில் பிறந்தவர். அவர்களுடைய சொந்தத் திருச்சபை இங்கே எந்த அங்கீகாரமும் இல்லாமல் கிடந்தது.

1813ல் பார்லிமென்ட் கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பித்தபோது கல்கத்தாவில் ஒரு ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை, பிஷப்பை நியமிக்க வழி செய்தது. அப்படியானால் எங்கள் சபைக்கு என்ன என்று ஸ்காட்லாந்து தரப்பு கேட்டது. நியாயமான கேள்வி. கம்பெனியின் இயக்குநர்கள் கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூன்றுக்கும் ஆளுக்கொரு ஸ்காட்டிஷ் சாப்ளினை, அதாவது கம்பெனி ஆட்களுக்கான போதகரை, கம்பெனிச் சம்பளத்தில் அனுப்ப ஒத்துக்கொண்டார்கள். கல்கத்தாவுக்கு ஜேம்ஸ் பிரைஸ் போனார், மெட்ராஸுக்கு ஜான் ஆலன் வந்தார். மூன்று ஊரிலும் எழுந்த கோயில்களுக்கு ஒரே பெயர்தான், செயின்ட் ஆண்ட்ரூஸ். ஆண்ட்ரூ, அதாவது அந்திரேயா, ஸ்காட்லாந்தின் காவல் புனிதர்.

சாப்ளின் வந்ததோடு பிரச்சினை தீரவில்லை. பிரஸ்பிட்டேரியன் போதகர் இந்தியாவில் நடத்தி வைக்கும் கல்யாணம் சட்டப்படி செல்லுமா என்ற சந்தேகம் கிளம்பியது. சொத்து, வாரிசு எல்லாம் அதில் தொங்கிக்கொண்டிருந்ததால் சின்ன விஷயமாக விட முடியவில்லை. 1818ல் பார்லிமென்ட் ஒரு தனிச் சட்டம் போட்டு அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது. அதே வருஷம் ஏப்ரல் 6ஆம் தேதி எழும்பூரில் அடிக்கல் நாட்டினார்கள்.

கட்டியது யார்?

மெட்ராஸ் இன்ஜினியர்ஸ் படையைச் சேர்ந்த மேஜர் தாமஸ் ஃபியாட் டி ஹாவிலாண்ட். இவர் ஸ்காட்லாந்துக்காரர் இல்லை, கெர்ன்ஸி தீவைச் சேர்ந்தவர். கதீட்ரல் சாலையில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலைக் கட்டி எழுப்பியதிலும் இவருக்குப் பங்கு உண்டு. அந்த இரண்டாவது கட்டடம் இந்தக் கதையில் மறுபடி வரும்.

எழும்பூர் மண் அப்போது இளகிய மண். இவ்வளவு பாரத்தை அதன் மேல் எப்படி நிறுத்துவது? நம் ஊர்க்காரர்களிடம் பதில் இருந்தது. வரிசையாகக் கிணறுகளை இறக்கி, அவற்றை நிரப்பி, அதன்மேல் அஸ்திவாரம் எழுப்புவது. உறை இறக்கத் தெரிந்த கைகள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தன. டி ஹாவிலாண்ட் அந்த முறையையே எடுத்துக்கொண்டார்.

அடுத்த தொல்லை கரையான். மர உத்தரம் போட்டால் சில வருஷத்தில் உள்ளே பொடியாகிவிடும். அதனால் கூரை முழுக்க மரமே இல்லாமல், செங்கல்லும் சுண்ணாம்புமாகக் குவிமாடம் கட்டினார். அந்த நாளில் மெட்ராஸில் அந்த அளவுக்கு ஒரு குவிமாடம் எழுப்புவது துணிச்சலான காரியம். இருநூறு வருஷம் தாண்டியும் அது நிற்கிறது. அந்தக் கொத்தனார்களின், கிணறு இறக்கியவர்களின் பெயர்களை யாரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை. கட்டடத்தைப் பாராட்டும்போது அவர்களையும் சேர்த்துத்தான் பாராட்ட வேண்டும் என்பது என் எண்ணம்.

கோயில் ஏன் வட்டமாக இருக்கிறது?

லண்டனில் உள்ள செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ் கோயில்தான் இதற்கு முன்மாதிரி என்பார்கள். முகப்புத் தூண்களும் ஊசிக் கோபுரமும் அப்படித்தான் தெரியும். ஆனால் லண்டன் கோயில் நீள்சதுரம். அதை வடிவமைத்த ஜேம்ஸ் கிப்ஸ், அபர்டீனில் பிறந்தவர், முதலில் அங்கே ஒரு வட்டமான கோயிலுக்குத்தான் வரைபடம் கொடுத்தார். செலவு அதிகமாகும் என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். அந்த வட்ட வடிவம் 1728ல் அவர் வெளியிட்ட வரைபடத் தொகுப்பில் அச்சாகியிருந்தது. லண்டனில் எழும்பாத வட்டக் கோயில் எழும்பூரில் எழும்பியது.

வட்டத்தின் குறுக்களவு 81.5 அடி. உள்ளே 16 கொரிந்தியத் தூண்கள் குவிமாடத்தைத் தாங்குகின்றன. குவிமாடத்தின் உட்பக்கம் ஆழ்ந்த நீலம், அதில் தங்க நட்சத்திரங்கள். கோபுரம் 166 அடிக்கும் மேல்.

வட்டம் பிரஸ்பிட்டேரியன் ஆராதனைக்கு நன்றாகப் பொருந்துகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த மரபில் ஆராதனையின் மையம் பிரசங்கம். பீடத்தைத் தூரத்தில் வைத்து, சபையார் நீளமாகப் பின்னால் உட்காரும் அமைப்பைவிட, எல்லோரும் பிரசங்கியாரைச் சுற்றி உட்காரும் அமைப்பு அவர்களுக்கு இயல்பாக இருந்திருக்கும்.

ஆர்கன் ஆரம்பத்திலிருந்தே இருந்ததா?

இல்லை. இப்போதுள்ள பைப் ஆர்கன் 1883ஐச் சேர்ந்தது, இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் செய்தது. அதற்கு முன்னால் ஸ்காட்லாந்து திருச்சபையில் இசைக்கருவி என்ற பேச்சுக்கே வெகுகாலம் இடமில்லை. ஒருவர் முன்னால் நின்று சங்கீதத்தை எடுத்துக் கொடுக்க, சபை வாய்ப்பாட்டாகவே பாடும். 1860களில்தான் எடின்பரோவில் ஒரு போதகர் வாத்தியத்தைக் கொண்டுவந்து, அது ஜெனரல் அசெம்பிளி வரை பெரிய வாக்குவாதம் ஆனது. அப்புறம் மெல்ல எல்லா இடத்திலும் வந்தது. மெட்ராஸுக்கு 1883ல் வந்தது என்பதை அந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

தமிழர்கள் இந்தச் சபையில் இருந்தார்களா?

நேராகவே சொல்லிவிடுகிறேன். முதல் காலத்தில் இது கம்பெனிக்காரர்களின் சபை. ஐரோப்பியர்களுக்காக, கம்பெனி சம்பளம் கொடுத்த சாப்ளின்கள் நடத்திய ஆங்கில ஆராதனை. சுவர்களில் உள்ள பளிங்குக் கல்வெட்டுகளைப் படித்தாலே தெரியும், பெரும்பாலும் ராணுவத்தாரும் அதிகாரிகளும் வியாபாரிகளும்தான்.

ஆனால் இந்தச் சபை மெட்ராஸ் தமிழர்களைத் தொட்டது வேறொரு வழியாக. அது ஒரு சின்னப் பள்ளிக்கூடம். இந்தச் சபையின் வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது கோபுரமோ குவிமாடமோ இல்லை, இந்தப் பள்ளிக்கூடம்தான்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் கதை என்ன?

1835ல் கர்க்கின் சாப்ளின்களான ஜார்ஜ் ஜேம்ஸ் லாரி, மேத்யூ போவி இருவரும் எழும்பூரில் பையன்களுக்காகச் சிறிய பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். கல்கத்தாவில் அலெக்சாண்டர் டஃப் 1830ல் ஆரம்பித்திருந்த ஆங்கிலப் பள்ளி அப்போது எல்லோரும் பேசும் விஷயம். மெட்ராஸிலும் அப்படி ஒன்று வேண்டும், அதற்கு ஒரு முழுநேர மிஷனரி வேண்டும் என்று இருவரும் ஸ்காட்லாந்துக்கு எழுதினார்கள்.

1837ல் ஜான் ஆண்டர்சன் வந்து சேர்ந்தார். அந்த வருஷம் ஏப்ரல் 3ஆம் தேதி அர்மீனியன் தெருவில் ஒரு வாடகை வீட்டில் 59 பையன்களோடு ஜெனரல் அசெம்பிளி பள்ளி தொடங்கியது. பைபிளும் உண்டு, ஆங்கிலமும் கணக்கும் அறிவியலும் உண்டு. வேலைக்கு ஆங்கிலம் தேவைப்பட்ட காலம் என்பதால் மேல்சாதிக் குடும்பங்கள் தயக்கத்தோடுதான் என்றாலும் பிள்ளைகளை அனுப்பின.

கொஞ்ச காலத்திலேயே சோதனை வந்தது. தலித் பையன்கள் சிலர் பள்ளியில் சேர்ந்தார்கள். அவர்களை வெளியே அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் தனியாக உட்கார வைக்க வேண்டும் என்று மற்ற பெற்றோர் கேட்டார்கள். ஆண்டர்சன் மறுத்துவிட்டார். நிறையப் பேர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். பள்ளி அநேகமாகக் காலியாகும் நிலை வந்தும் அவர் இறங்கி வரவில்லை. 1830களின் மெட்ராஸில், ஒரே பெஞ்சில் உட்காரலாம் என்று சொல்லி அதில் நின்றது லேசான காரியமில்லை. மிஷனரிகளின் எல்லாச் செயலையும் நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் இந்த ஒரு முடிவுக்காக ஆண்டர்சனை மனதார மதிக்கிறேன்.

அந்தப் பள்ளிதான் வளர்ந்து, 1862ல் வந்த வில்லியம் மில்லரின் கையில் கல்லூரியாகி, 1877ல் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. ஆங்கிலிக்கன் மிஷனான சி.எம்.எஸ்., மெதடிஸ்ட் மிஷனான வெஸ்லியன் இரண்டும் அதைத் தாங்கின. 1937ல் பாரிமுனைப் பக்கத்திலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறியது. எஸ். ராதாகிருஷ்ணன் படித்தது இங்கேதான். இரண்டு சாப்ளின்கள் எழும்பூரில் தொடங்கிய சின்னப் பள்ளி இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

1841ல் ஊரே கொந்தளித்தது என்கிறார்களே, எதனால்?

அந்த வருஷம் ஜூனில் ஆண்டர்சனின் மாணவர்களான ராஜகோபால், வெங்கடராமையா இருவரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். அடுத்து எத்திராஜுலு. மூவரும் இந்துக் குடும்பத்துப் படித்த இளைஞர்கள். குடும்பங்களின் வேதனையும் கோபமும் ஊர் முழுக்கப் பரவியது. பள்ளிக்குப் பிள்ளைகள் வருவது அடியோடு குறைந்தது. படிப்புக்காக அனுப்பிய பிள்ளை குடும்பத்தை விட்டே போய்விடுவான் என்ற பயம் பெற்றோருக்கு உண்மையான பயம், அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. மறுபக்கம், சுயமாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்த மூன்று இளைஞர்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை.

மூவரும் முறைப்படி வேதபாடம் படித்தார்கள். ராஜகோபால் ஆண்டர்சனோடு ஸ்காட்லாந்துக்கும் போய்ப் பேசிவிட்டு வந்தார். 1851ல் மூவரும் பிரஸ்பிட்டேரியன் போதகர்களாக அபிஷேகம் பெற்றார்கள். இங்கே தமிழ்ச் சபை என்று ஒன்று வேர்பிடித்தது இவர்களைச் சுற்றித்தான். ஆண்டர்சனின் பெயரில் பாரிமுனைப் பக்கம் ஆண்டர்சன் சர்ச் இன்றும் இருக்கிறது.

1843ல் சபை உடைந்தது என்றால், எழும்பூரில் சண்டையா?

சண்டை ஸ்காட்லாந்தில். அங்கே ஒரு ஊர்ச் சபைக்குப் போதகரை நியமிக்கும் உரிமை பல இடங்களில் நிலச்சுவான்தாரிடம் இருந்தது. சபைக்குப் பிடிக்காத ஆளைக்கூட அவர் திணிக்கலாம், நீதிமன்றமும் அதற்குத் துணை நின்றது. கிறிஸ்துவின் சபையில் அரசுக்கு என்ன வேலை என்று கேட்டு, 1843 மே 18ஆம் தேதி எடின்பரோவில் ஜெனரல் அசெம்பிளியை விட்டு ஒரு கூட்டம் வெளியேறியது. சுமார் 1,200 போதகர்களில் 474 பேர் வீடு, சம்பளம், கோயில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஃப்ரீ சர்ச்சை உண்டாக்கினார்கள். தாமஸ் சால்மர்ஸ் அதன் முதல் தலைவர்.

செய்தி இந்தியாவுக்கு வந்ததும் இங்கிருந்த ஸ்காட்டிஷ் மிஷனரிகள் எல்லோரும் ஃப்ரீ சர்ச் பக்கம் போனார்கள். மெட்ராஸில் ஆண்டர்சனும் அவர் கூட்டாளிகள் ராபர்ட் ஜான்ஸ்டன், ஜான் பிரெய்ட்வுட் இருவரும் அப்படியே செய்தார்கள். கர்க்கின் சாப்ளின்கள் கம்பெனிச் சம்பளத்தில் இருந்தவர்கள், கர்க் பழைய திருச்சபையோடு நின்றுவிட்டது. இப்படித்தான், கர்க் சாப்ளின்கள் விதைத்த பள்ளி கர்க்கை விட்டுப் பிரிந்தது. இதனால்தான் கிறிஸ்தவக் கல்லூரியின் வரலாற்றையும் கர்க்கின் வரலாற்றையும் தனித்தனியாகப் படிப்பவர்கள் இரண்டுக்கும் உள்ள உறவைத் தவறவிடுகிறார்கள்.

பிரிந்து போனவர்கள் வேறென்ன செய்தார்கள்?

வட சென்னைக்காரர்களுக்கு ரெய்னி ஆஸ்பத்திரி தெரியும். ஃப்ரீ சர்ச்சிலிருந்து வந்த டாக்டர் மடில்டா மெக்ஃபெயில் 1888ல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பணியிலிருந்து வளர்ந்தது அது. செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ என்ற மிஷனரி நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு நிலம் பெற்றுத் தந்து குடியேற்றங்கள் அமைத்தார். மெல்ரோசாபுரம் என்ற ஊர்ப்பெயரில் ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் இன்னும் இருக்கிறது.

உடைந்த சபைகள் மறுபடி சேர்ந்தனவா?

சேர்ந்தன, ஆனால் இந்தியாவில் வேறு விதமாக. இங்கே மிஷன் சபைகளாக இருந்த பிரஸ்பிட்டேரியன்கள் காங்கிரிகேஷனல் சபைகளோடு (ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் மரபு அது) சேர்ந்து 1908ல் தென்னிந்திய ஐக்கிய சபை ஆனார்கள். ஸ்காட்லாந்தில் பெரும்பாலோர் 1929ல் பழைய திருச்சபையோடு மறுபடி ஒன்றானார்கள்.

1919ல் தரங்கம்பாடியில் கூடிய தென்னிந்தியப் போதகர்கள், மேற்கத்திய நாடுகளின் பழைய சண்டைகளை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு ஒற்றுமைப் பேச்சைத் தொடங்கினார்கள். எடின்பரோவில் நிலச்சுவான்தாருக்கு என்ன உரிமை என்பதற்காகச் செங்கல்பட்டில் இரண்டு சபை எதற்கு? 28 வருஷப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, 1947 செப்டம்பர் 27ல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் சேர்ந்து சி.எஸ்.ஐ. உதயமானது. விழா நடந்த இடம் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல், டி ஹாவிலாண்டின் கைபட்ட அந்த இன்னொரு கோயில்.

அப்படியானால் கர்க் ஏன் 1947ல் சேரவில்லை?

கர்க் மிஷன் சபை இல்லை, சாப்ளின்களின் சபை. 1908ல் சேர்ந்த ஐக்கிய சபைக்குள்ளும் அது வரவில்லை, நேராக ஸ்காட்லாந்தோடு இணைந்திருந்தது. சுதந்திரம் வந்ததும் அரசாங்கச் சாப்ளின் ஏற்பாடு முடிவுக்கு வந்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள், இந்தியர்கள் சபையில் கூடினார்கள். 1959ல் கர்க் சி.எஸ்.ஐ.யில் இணைந்தது. தாமதம்தான். ஆனால் 138 வருஷ அடையாளத்தை ஒரு சபை தானாக முன்வந்து பொதுவில் கரைப்பது எளிதில்லை.

பிஷப் வேண்டாம் என்றவர்கள் பிஷப்பை எப்படி ஏற்றார்கள்?

சி.எஸ்.ஐ.யில் பிஷப் உண்டு, ஆனால் அவர் தேர்ந்தெடுக்கப்படுகிறவர், சினாடும் டயோசிசன் கவுன்சிலும் (ஒரு பிஷப்பின் வட்டாரத்துச் சபைகளின் மன்றம்) சபைக் கமிட்டியும் அவரோடு சேர்ந்து நிர்வகிக்கின்றன. சபையார் உட்கார்ந்து முடிவெடுக்கும் பிரஸ்பிட்டேரியன் வழக்கம் அதில் நிறையவே கலந்திருக்கிறது. இதற்கு நல்ல உதாரணம் லெஸ்லி நியூபிகின். எடின்பரோ பிரஸ்பிட்டரியால் அபிஷேகம் செய்யப்பட்டு, காஞ்சிபுரத்தில் தமிழ் கற்றுத் தெருவில் நின்று பேசிய மிஷனரி. 1947ல் சி.எஸ்.ஐ.யின் முதல் பிஷப்புகளில் ஒருவராகி மதுரை போனார், 1965லிருந்து 1974 வரை மெட்ராஸ் பிஷப்.

இந்தியாவில் பிரஸ்பிட்டேரியன் என்ற பெயரோடே சபைகள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. வடகிழக்கில், குறிப்பாக மிசோரத்திலும் மேகாலயாவிலும். அவை வெல்ஷ் மிஷனின் வழி வந்தவை. தாமஸ் ஜோன்ஸ் 1841ல் சிரபுஞ்சியில் தொடங்கிய வேலை அது. சென்னைக் கதையோடு நேரடித் தொடர்பு இல்லை.

என் முன்னோர் கர்க்கில் ஞானஸ்நானமோ கல்யாணமோ பெற்றிருக்கலாம். பதிவேட்டை எங்கே தேடுவது?

ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. முதலில் சபை அலுவலகத்தில் கேளுங்கள். அப்புறம், மெட்ராஸ் மாகாணத்தில் சாப்ளின்கள் பதிந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்குப் போயின. 1698லிருந்து உள்ள அந்தத் தொகுப்பு இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில், இந்தியா ஆபீஸ் ஆவணங்களோடு இருக்கிறது. தேடும்போது பெயரின் எழுத்துக்கூட்டை இரண்டு மூன்று விதமாக மாற்றிப் பாருங்கள், எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். 1843க்குப் பிறகு கர்க்கில் கிடைக்காவிட்டால் ஃப்ரீ சர்ச் பதிவுகளையும் பார்க்க வேண்டும், ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு பக்கம் தம்பி ஒரு பக்கம் போயிருக்கக்கூடும்.

நேரில் போனால் எதைக் கவனிக்கலாம்?

ஞாயிறு ஆராதனைக்குப் போவதுதான் நல்லது. வட்டத்துக்குள் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பாடும்போது கேட்பதும், காலியான கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பதும் ஒன்றாகாது. மற்ற நாளில் போனால் அலுவலகத்தில் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். குவிமாடத்தை எல்லோரும் பார்ப்பார்கள். சுவர்க் கல்வெட்டுகளை நிதானமாகப் படியுங்கள், எத்தனை பேர் இருபது முப்பது வயதில் காலராவிலும் காய்ச்சலிலும் போனார்கள் என்று தெரியும். தூண்களின் மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு பளிங்கு மாதிரி வழுவழுப்பாக இருக்கும், தொட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள்.